ஓபிடி கோப்புகளை அவிழ்த்த அனுபவம்

பழைய கட்டடம் ஒன்றின் மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டு ஒருவர் வந்தார். 1998-ல் அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அறிக்கையின் அச்சுப் பிரதியை அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் அச்சில் இருந்தவை விடைகள் மட்டும்தான். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு சுமை வரும் என்று ஒரு எண் இருக்கிறது. அது எப்படி வந்தது, எதிர்காலத்தில் ஒரு மாடி கூடும் என்று அப்போதே இடம் விட்டோமா என்பது எக்செல் கட்டங்களுக்குள் இருந்த சூத்திரங்களில்தான் இருக்கிறது. சூத்திரம் அச்சில் வராது.

அந்த வேலையின் குறுந்தகடு என் அலமாரியில் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது படித்ததே பெரிய விஷயம். உள்ளே தனியாக ஓர் எக்செல் கோப்பைத் தவிர, 23 கோப்புகள் ஓபிடி என்ற பின்னொட்டோடு இருந்தன. கூட வேலை பார்க்கும் இளம் பொறியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இது என்ன ஃபைல்? வெறும் வெள்ளைத் தாள் ஐகான்தான் வருது" என்றார். அவர் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே இந்த வடிவம் வழக்கொழிந்துவிட்டது. எனக்கு மட்டும் பார்த்த உடனே தெரிந்தது: மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் பைண்டர். அந்தக் கோப்புகளைக் கட்டியதே நான்தான்.

பைண்டர் என்ன செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஃபீஸ் 95-ல் அது அறிமுகமானது. ஆஃபீஸ் 97, ஆஃபீஸ் 2000 வரை கூடவே வந்தது. வேர்ட் அறிக்கை, எக்செல் கணக்கு, பவர்பாயின்ட் விளக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடலாம். இடப்பக்கம் ஒரு பட்டையில் பகுதிகள் வரிசையாக நிற்கும். எதைத் தொட்டாலும் அந்தந்த மென்பொருள் பைண்டரின் ஜன்னலுக்குள்ளேயே வந்து உட்காரும், மெனுவும் மாறிக்கொள்ளும். முக்கியமாக, எல்லாப் பகுதிகளையும் ஒரே மூச்சில் தொடர்ச்சியான பக்க எண்ணோடு அச்சிடலாம். அதற்கு முன்னால் வேர்டில் 40 பக்கம் அச்சிட்டு, எக்செலில் முதல் பக்க எண்ணைக் கையால் 41 என்று மாற்றி, நடுவில் ஒரு பக்கம் கூடினால் எல்லாவற்றையும் மறுபடி செய்துகொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இன்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நான் அதை விரும்பித்தான் பயன்படுத்தினேன். கணினி திணறும், திறக்க நேரம் எடுக்கும், இருந்தாலும் விரும்பினேன்.

2001-ல் வந்த ஆஃபீஸ் எக்ஸ்பியில் பைண்டர் இல்லை. பழைய கட்டுகளைப் பிரித்தெடுக்க அன்பைண்ட் என்ற சிறிய வசதியை மட்டும் விருப்பத்தேர்வாக விட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு மதிய நேரத்தை ஒதுக்கியிருந்தால் 23 கோப்புகளையும் வலது சொடுக்கில் பிரித்து முடித்திருப்பேன். செய்யவில்லை. வேலை முடிந்த திட்டம், குறுந்தகடு பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோப்பு பத்திரமாக இருப்பதும் கோப்பைத் திறக்க முடிவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்பது அப்போது மனசில் உறைக்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் குறுந்தகட்டில் இருந்ததை அப்படியே வன்தட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைத்தோம். வேலை எல்லாம் இன்னொரு நகலில். பழைய கோப்போடு வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏன் என்று பின்னால் தேதி விவகாரம் வரும்போது புரியும். அந்தக் காலத்துக் கோப்புகளில் மேக்ரோ (ஆவணத்துக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல்) வழியாகப் பரவும் வைரஸ் இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1995-லிருந்தே வேர்டில் அது பரவத் தொடங்கிவிட்டது. அதனால் மேக்ரோக்களை அணைத்துவிட்டு, வைரஸ் சோதனையும் ஓடவிட்டோம்.

இளம் பொறியாளர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: ஓபிடியை எடுத்துவிட்டு டாக் என்று பெயர் மாற்றினார். வேர்ட் ஏற்கவில்லை. பெயரில் எதுவும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தோம். முதல் நான்கு பைட்டுகள்: டி0, சிஎஃப், 11, ஈ0. அவற்றை ஆங்கிலத்தில் D0CF11E0 என்று சேர்த்து எழுதினால் 'டாக்ஃபைல்' என்று வாசிக்கும்படி அந்தக் காலத்து ஆட்கள் எண்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பழைய வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் மூன்றுக்கும் இதே தொடக்கம்தான். காம்பவுண்ட் ஃபைல் என்று சொல்வார்கள். ஒரே கோப்புக்குள் ஒரு குட்டி ஃபோல்டர் அமைப்பு இருக்கும்: உள்ளே ஃபோல்டர்கள், அவற்றுக்குள் கோப்புகள் போன்ற தரவு ஓடைகள். வெளியே பார்க்க ஒரு கோப்பு, உள்ளே ஒரு வீடு முழுக்க அறைகள். இந்த அமைப்பின் விவரக்குறிப்பை 2008-ல் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டது. ஆக, பைண்டர் செத்துப்போயிருந்தாலும் அதன் கட்டமைப்பு இன்னும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

செவன்-ஜிப் என்ற ஜிப் மென்பொருள் இந்த வகைக் கோப்புகளைத் திறந்து காட்டும். ஓபிடியை அதில் திறந்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உள் ஃபோல்டர். எது எந்த வகை என்று உள்ளே இருக்கும் ஓடையின் பெயரை வைத்துச் சொல்லிவிடலாம். 'வேர்ட்டாக்குமென்ட்' என்று ஓர் ஓடை இருந்தால் அது வேர்ட். 'வொர்க்புக்' இருந்தால் எக்செல் 97 அல்லது அதற்குப் பிந்தையது. வெறும் 'புக்' என்று இருந்தால் அதற்கு முந்தைய எக்செல். 'பவர்பாயின்ட் டாக்குமென்ட்' என்பது பெயரிலேயே இருக்கிறது.

இங்கேதான் அரை நாள் போனது. வேர்ட்டாக்குமென்ட் என்ற ஓடையை மட்டும் வெளியே இழுத்து, அதற்கு டாக் என்று பெயர் வைத்தோம். திறக்கவில்லை. ஏனென்றால் அந்த ஓடையில் எழுத்துகள் இருக்கும், ஆனால் எந்த எழுத்துத் துண்டு எதற்குப் பின் வர வேண்டும், எது தடித்த எழுத்து, எங்கே பத்தி முடிகிறது என்பதற்கான அட்டவணை வேர்ட் 97-ல் பக்கத்திலேயே இன்னோர் ஓடையில் இருக்கும். '0டேபிள்' அல்லது '1டேபிள்' என்று அதற்குப் பெயர். இரண்டும் ஒரே கூட்டுக்குள் சேர்ந்து இருந்தால்தான் அது ஆவணம். தனித்தனியாகப் பிடுங்கினால் எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். வெறும் வாசகம் போதும் என்றால் வேர்டிலேயே எந்தக் கோப்பிலிருந்தும் உரையை மட்டும் மீட்கும் ஒரு வசதி உண்டு. நடுநடுவே குப்பை எழுத்துகளோடு வாசகம் கிடைக்கும். எங்களுக்குச் சூத்திரம் வேண்டும், அதனால் அது உதவாது.

செய்ய வேண்டியது இது: அந்த உள் ஃபோல்டரை முழுசாக, அதன் எல்லா ஓடைகளோடும், புதிய காலி காம்பவுண்ட் ஃபைல் ஒன்றின் வேருக்கு, அதாவது மேல்மட்டத்துக்கு, இடம் மாற்ற வேண்டும். அப்பாச்சி பிஓஐ என்ற ஜாவா நிரல் தொகுப்பில் இதற்கு வழி இருக்கிறது. இளம் பொறியாளர் ஒரு மாலை நேரத்தில் சின்ன நிரல் எழுதினார்: ஓபிடியைத் திற, ஒவ்வோர் உள் ஃபோல்டராகப் போ, ஓடைகளைப் புதுக் கோப்பின் வேரில் நகலெடு, வகைக்கேற்ற பின்னொட்டோடு சேமி. ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். ஒவ்வோர் உள் ஃபோல்டருக்கும் இது இன்ன மென்பொருளின் ஆவணம் என்று சொல்லும் நீண்ட அடையாள எண் ஒன்று இருக்கும். ஓடைகளோடு அதையும் புதுக் கோப்பின் வேருக்குக் கொண்டுபோங்கள். அது விட்டுப்போனால், கோப்பின் அடையாளத்தை நம்பித் திறக்கும் மென்பொருள்கள் குழம்பும்.

முதல் எக்செல் திறந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் 1998-ல் தட்டிய சூத்திரங்கள், ஓரத்தில் நான் எழுதிவைத்த குறிப்புகள், நான் போட்ட வெளிர் மஞ்சள் நிறம்கூட அப்படியே இருந்தன. 'கூடுதல் தளம்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே ஒரு சுமை எண்ணும் இருந்தது.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. திறந்தது பாதி வேலைதான். திறந்தது சரிதானா என்று நம்புவது மீதி.

முதல் அதிர்ச்சி தேதி. வேர்ட் பகுதியின் முகப்பில் அறிக்கைத் தேதி என்று அன்றைய தேதி நின்றது! 1998 இல்லை, நாங்கள் திறந்த அந்த நாள். அப்புறம்தான் நினைவு வந்தது: அந்தக் காலத்தில் நான் தேதியைக் கையால் தட்டாமல் தேதிப் புலம் ஒன்றைச் செருகியிருந்தேன். திறக்கும்போதும் அச்சிடும்போதும் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். கட்டடத்தின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆவணத்தில் தேதி மாறுவது சின்ன விஷயமில்லை. பூட்டிவைத்த நகல் இங்கேதான் கை கொடுத்தது. காம்பவுண்ட் ஃபைலுக்குள் 'சம்மரி இன்ஃபர்மேஷன்' என்று ஓர் ஓடை இருக்கும்; ஆசிரியர் பெயர், உருவாக்கிய நேரம், கடைசியாகச் சேமித்த நேரம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். தொடாத நகலிலிருந்து அதைப் படித்து, அச்சுப் பிரதியின் தேதியோடு ஒப்பிட்டு உறுதிசெய்தோம். பிறகு வேலை நகலில் புலத்தைச் சாதாரண எழுத்தாக்கிச் சரியான தேதியைப் போட்டோம். வேர்டில் புலத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் அழுத்தினால் புலம் உறைந்து எழுத்தாகிவிடும். காப்பகத்துக்குப் போகும் எந்த ஆவணத்திலும் இதைச் செய்துவிடுங்கள். நான் இப்போது எல்லா அறிக்கையிலும் தேதியைக் கையால்தான் தட்டுகிறேன்.

இரண்டாவது, எக்செல். பழைய பதிப்பில் கடைசியாகக் கணக்கிட்ட கோப்பைப் புதிய எக்செல் திறக்கும்போது முழுவதையும் மறுபடி கணக்கிடும். பெரும்பாலும் விடை மாறாது. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாடி எழுப்ப முடியாது. அச்சுப் பிரதியின் ஒவ்வொரு விடையையும் திரையில் வந்த விடையோடு வைத்துச் சரிபார்த்தோம். இரண்டு நாள் ஆனது. எல்லாம் பொருந்தின. அச்சுப் பிரதி இல்லாமல் கோப்பு மட்டும் இருந்திருந்தால் நாங்கள் எதோடு ஒப்பிட்டிருப்போம்? கோப்பு பழசாகப் பழசாகக் காகிதத்தின் மதிப்பு எனக்குக் கூடிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, பகுதிகளுக்கு நடுவே இருந்த இணைப்புகள். வேர்ட் பகுதியில் ஓர் அட்டவணை, அதே கட்டுக்குள் இருந்த எக்செல் பகுதியோடு இணைக்கப்பட்டிருந்தது. கட்டை அவிழ்த்ததும் அந்த இணைப்பு போக இடமில்லாமல் நின்றது. அட்டவணை மறையவில்லை. இணைப்பு வைக்கும்போதே அதன் படம் ஒன்றும் கோப்புக்குள் சேமிக்கப்படும், அந்தப் படம் தெரிந்தது. ஆனால் அது இனிமேல் வெறும் படம். புதுப்பிக்கவா என்று வேர்ட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டும் என்று சொல்லி ஒரு கோப்பில் அட்டவணை இருந்த இடத்தில் பிழைச் செய்தியை வாங்கிக்கொண்டோம். நகலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

பக்க எண்கள் பற்றிச் சுருக்கமாக: பைண்டர் அச்சிட்டபோது போட்ட தொடர் எண்கள் பகுதிகளுக்குள் இல்லை. அறிக்கையில் '57-ம் பக்கம் பார்க்க' என்று எழுதியிருந்த இடங்களுக்கு அச்சுப் பிரதிதான் வழிகாட்டியது. பகுதிகளின் வரிசையையும் பொருளடக்கத்தை வைத்துச் சரிசெய்தோம்.

இந்த நிரல் வழியில் 23-ல் 21 கோப்புகள் வந்துவிட்டன. மீதி இரண்டும் 1996-ல் ஆஃபீஸ் 95-ல் கட்டியவை. அவற்றிலிருந்து வந்த வேர்ட் பகுதிகளைப் புதிய வேர்ட் முதலில் தடுத்தது. அத்தனை பழைய வடிவங்களைப் பாதுகாப்புக் காரணத்துக்காக அது இயல்பாகவே தடுத்து வைத்திருக்கும். வேர்டின் நம்பிக்கை மையத்தில் (ட்ரஸ்ட் சென்டர்) கோப்புத் தடுப்பு அமைப்புகளுக்குள் போய்த் தற்காலிகமாக விலக்க வேண்டும், வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். பவர்பாயின்ட் 95 பகுதிக்கு அந்த வழியும் இல்லை. 2007-லிருந்து பவர்பாயின்ட் 97-க்கு முந்தைய வடிவங்களைத் திறப்பதையே விட்டுவிட்டது.

அப்போதுதான் மெய்நிகர் கணினி ஒன்றை, அதாவது நம் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியை, அமைத்தோம். அதில் விண்டோஸ் 98, அதற்குள் ஆஃபீஸ் 97. இரண்டின் அசல் குறுந்தகடுகளும் எங்களிடம் இருந்தன. ஆஃபீஸை நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பைண்டருக்கு நேரே டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினிக்கு இணைய இணைப்பு கொடுக்கவே கூடாது. ஓபிடி கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓ பிம்பமாக்கிக் குறுந்தகடு போலச் செருகினோம். பைண்டர் திறந்தது. இடப்பக்கப் பட்டையில் அதே வரிசை! ஒவ்வொரு பகுதியாகத் தேர்ந்தெடுத்து, செக்ஷன் மெனுவில் கோப்பாகச் சேமி என்று கொடுத்தால் போதும், தனிக் கோப்பு வந்துவிடும். பவர்பாயின்டை 97 வடிவத்தில் சேமித்தோம், வெளியே வந்து திறந்தது.

இப்போது யாராவது என்னிடம் ஓபிடியோடு வந்தால் முதலில் இந்த மெய்நிகர் கணினி வழியைத்தான் சொல்வேன். நிரல் எழுதியதில் கற்றுக்கொண்டது நிறைய, சந்தேகமில்லை. ஆனால் கோப்பைக் கட்டிய மென்பொருளே அவிழ்ப்பதுதான் பாதுகாப்பானது. வரிசையும் பெயர்களும் கூடவே தெரியும். பழைய குறுந்தகடு கிடைக்காதவர்களுக்கு நிரல் வழி. நூற்றுக்கணக்கில் கோப்புகள் இருந்தாலும் நிரல் வழிதான், சிலவற்றை மட்டும் பைண்டரில் திறந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் பைண்டரில் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது, அது என்னை ரொம்ப உறுத்தியது. வெளியே இருக்கும் கோப்பை பைண்டருக்குள் சேர்த்தால் அது நகலாகத்தான் உள்ளே போகும். அதற்குப் பிறகு வெளிக் கோப்பில் செய்த திருத்தம் உள்ளே வராது. அதே குறுந்தகட்டில் தனியாகவும் ஒரு எக்செல் கோப்பு இருந்தது, அஸ்திவாரம் என்ற பெயரில். அதில் உள்ள மண் தாங்குதிறன் எண்ணும் கட்டுக்குள் இருந்த எண்ணும் வேறு வேறு. எது இறுதி? சேமித்த நேரங்களைப் பார்த்தோம். கட்டுக்குள் இருந்ததுதான் பிந்தையது, அச்சோடும் அதுவே பொருந்தியது. நேரமும் அச்சும் இல்லாமல், திறக்க எளிதாக இருந்த தனிக் கோப்பை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் தவறான எண்ணின் மேல் மாடி ஏறியிருக்கும்.

பைண்டர் போய்விட்டது, ஆனால் பலவற்றை ஒன்றாகக் கட்டும் ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. பிடிஎஃப் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று உண்டு, வேர்ட், எக்செல் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபுக்குள் வைக்கலாம். பல பிடிஎஃப் மென்பொருள்களில் அதைத் திறந்தால் வேறு மென்பொருளில் திறக்கவும் என்று சொல்லும் முகப்புப் பக்கம் மட்டும்தான் வரும். லிப்ரே ஆஃபீஸின் முதன்மை ஆவணம் இன்னொரு வகை. அதன் உப ஆவணங்கள் தனிக் கோப்புகளாக வெளியே நிற்கும், முதன்மை ஆவணத்தில் அவற்றுக்கான இணைப்பு மட்டும்தான். ஃபோல்டரை மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். அச்சிடவும் அனுப்பவும் இவை வசதியானவைதான், நானும் பயன்படுத்துகிறேன். காப்பகத்தில் இவற்றை மட்டும் தனியாக விடுவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் இப்போது முடிந்த ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஃபோல்டர். பெயரின் முன்னால் 01, 02 என்று வரிசை எண் போட்டு, வேர்டும் எக்செலும் தனித்தனிக் கோப்புகளாக. கூடவே முழு அறிக்கையும் ஒரே பிடிஎஃப்-ஏ கோப்பாக. நீண்ட காலச் சேமிப்புக்கென்றே 2005-ல் ஐஎஸ்ஓ தரமாக வந்த வடிவம் அது. எக்செல் கணக்குகளைச் சூத்திரங்கள் தெரியும்படி ஒருமுறையும் விடைகள் தெரியும்படி ஒருமுறையும் பிடிஎஃபாக்குகிறோம். எக்செலில் சூத்திரங்களைக் காட்டு என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திவிட்டு அச்சிட்டால் போதும். எந்தக் கோப்பு எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் செய்தது என்று சாதாரண உரைக் கோப்பு ஒன்றில் எழுதிவைக்கிறோம். அனுப்ப வேண்டும் என்றால் ஜிப் ஆக்கி அனுப்புகிறோம். ஜிப் 1989-ல் வந்தது, இன்றும் எங்கும் திறக்கிறது. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது, அதில் எந்த வடிவங்களைக் கைவிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த வடிவத்தில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடுவது இளம் பொறியாளரின் பொறுப்பு. அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த 23 ஓபிடி கோப்புகளையும் அழிக்கவில்லை. பிரித்தெடுத்தவற்றுக்குப் பக்கத்திலேயே, பூட்டிய நகலாக இருக்கின்றன, மெய்நிகர் கணினியின் பிம்பமும் கூடவே. கட்டடக்காரருக்குச் சூத்திரங்களோடு கணக்கைக் கொடுத்தோம். கூடுதல் தளத்துக்கு நாங்கள் 1998-ல் விட்டிருந்த இடம் அவர் நினைத்ததைவிடக் குறைவு. முழு மாடிக்குப் பதிலாக, பாதிப் பரப்பில் இலகுவான கூரையோடு கட்டுவது என்று இப்போது வரைபடம் மாறியிருக்கிறது.